தெரபியூட்டிக் கார்டன்: தேற்றுசோலை

முதியவர்களோ, நோயிலிருந்து மீள்கிறவர்களோ, மறதி நோய் உள்ளவர்களோ வந்து புழங்கி, உடலும் மனமும் தெளிய வேண்டும் என்றே திட்டமிட்டு அமைக்கும் தோட்டத்துக்குத் தெரபியூட்டிக் கார்டன் என்று பெயர். மரம் செடி இருக்கிற எந்த இடமும் மனதுக்கு நல்லதுதான். ஆனால் யார் வரப்போகிறார்கள், அவர்களால் எது முடியும், எது முடியாது என்று முதலில் கேட்டு, பாதையின் அகலம், பெஞ்சின் உயரம், செடியின் மணம் வரை அதற்கேற்ப முடிவு செய்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும். சிங்கப்பூரில் 2016இல் ஹார்ட்பார்க் பூங்காவுக்குள் இப்படி ஒன்றைப் பொதுமக்களுக்காகத் திறந்தார்கள். அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் நிறைய உண்டு. அவர்களில் சிலர் நேரில் பார்த்தும் இருக்கலாம்.

தமிழில் எழுதும்போது சிகிச்சைத் தோட்டம் என்றோ மருத்துவத் தோட்டம் என்றோ போட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மருத்துவத் தோட்டம் என்றால் நம் ஊரில் தூதுவளை, ஆடாதொடை, நிலவேம்பு வளர்க்கும் மூலிகைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். மன்னர் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம் நடத்திய தஞ்சாவூரில் வேறு எப்படிப் பொருள்படும்? மூலிகைத் தோட்டத்தில் செடியே மருந்து. பறித்து அரைத்துக் கொடுக்கிறோம். தெரபியூட்டிக் கார்டனில் செடியை மருந்தாக யாரும் சாப்பிடப் போவதில்லை. சிகிச்சை வடசொல் என்பதற்காக நான் தயங்கவில்லை. அதைக் கேட்டதும் ஊசியும் கட்டிலும் ஆஸ்பத்திரி வாடையும் கூடவே வந்துவிடுகின்றன. ‘சிகிச்சைத் தோட்டத்துக்குப் போய்ட்டு வாங்க அப்பாயி’ என்றால், ‘எனக்கு என்னடா வியாதி?’ என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

மூலச்சொல் வேறு மாதிரி இருந்திருக்கிறது. கிரேக்கத்தில் தெரபான் என்றால் உடனிருந்து பணிவிடை செய்கிறவர். ஓமரின் இலியத் காப்பியத்தில் அக்கிலீசு என்ற வீரனுக்குப் பட்ரோக்ளசு தெரபான்: வந்தவர்களுக்கு உணவு பரிமாற உதவுவான், போரில் தோழனாகக் கூட நிற்பான். அதே வேரிலிருந்து வந்த தெரபேயா என்பதும் முதலில் பணிவிடை, கவனிப்பு என்றே பொருள்பட்டது. தெய்வத்துக்குச் செய்யும் தொண்டுக்கும் அந்தச் சொல்தான். நோயாளியைக் கவனித்தல் என்ற பொருள் அதற்குள்ளிருந்து வளர்ந்தது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது நோய்க்கு வைத்தியம் பார்த்தல் என்ற அளவில் சுருங்கிவிட்டது. நமக்கு அது பிசியோதெரபி, கீமோதெரபி என்று அந்தச் சுருங்கிய பொருளோடு வந்தது.

கூட இருந்து கவனிப்பதை மருத்துவத்தின் ஒரு பாகமாகவே எண்ணிய மரபு நமக்கும் உண்டு. ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்பது 950ஆம் குறள். நோயாளி, வைத்தியர், மருந்து, அப்புறம் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறவர். தெரபானுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இன்று உழை என்றதும் உழைப்புதான் நினைவுக்கு வரும் என்பதால், அந்தச் சொல்லைப் பலகையில் எழுத முடியாது.

பேச்சுவழக்கில் இதற்கு ஏற்ற சொல் கைவசம் இருக்கிறது. காய்ச்சலில் படுத்து எழுந்தவரைப் பற்றி ‘இப்ப தேறிட்டாங்களா?’ என்று விசாரிக்கிறோம். துக்க வீட்டுக்குப் போய்த் தேற்றுகிறோம். தேறு என்பது தானே நடப்பது; தேற்று என்பது இன்னொருவர் செய்விப்பது. உடலுக்கும் மனதுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. முதுமையைக் குணப்படுத்த முடியாது. தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது. தளர்ந்துபோனவர் தேற முடியும். குணமளிக்கும் தோட்டம் என்று பெயர் வைத்தால், கொடுக்க முடியாத ஒன்றை வாக்குக் கொடுத்தது போலாகும்.

கார்டன் என்பதன் வேர், வேலியடைத்த இடம் என்பது. ஆங்கிலத்தில் முற்றத்துக்குச் சொல்லும் யார்டு அதற்கு உறவுச்சொல். தமிழில் இடத்துக்கு ஏற்பச் சொல் மாறும். தோட்டம் என்றால் வாழையோ கத்தரியோ போட்டிருக்கும். கொல்லை வீட்டுக்குப் பின்னால். தோப்பு தென்னையோ மாவோ. நந்தவனம் சாமிக்குப் பூ கொடுக்க. பொழில், தண்டலை, கா என்ற பழைய சொற்களும் உண்டு. கா என்றால் சோலை. திருவானைக்கா, திருக்கோடிக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்குரக்குக்கா என்று காவிரி நாட்டில் அது ஊர்ப்பெயராகவே நிற்கிறது. திருவாரூரை ஒட்டித் தண்டலை என்றே ஓர் ஊர் உண்டு. காவிரியையே கா விரி என்று பிரித்து, சோலைகளை விரித்துக்கொண்டு போகிறவள் என்று பொருள் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் அது நிற்குமா என்பது வேறு பேச்சு, கேட்க நன்றாக இருக்கிறது. பூங்காவில் இருப்பதும் அந்தக் கா தான்.

இவற்றில் சோலையைத்தான் நான் எடுப்பேன். வெயில் நுழையாதபடி மரம் அடர்ந்த இடம் சோலை. சித்திரை மாதத்துத் தஞ்சாவூரில் எழுபது வயதுக்காரருக்கு முதல் தேவை நிழல். எனவே தேற்றுசோலை. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. தேற்றிய, தேற்றுகிற, தேற்றும் என்ற மூன்று காலமும் உள்ளே அடங்கும்.

தோட்டம் மனிதரைத் தேற்றுமா என்ற கேள்விக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ராஜர் உல்ரிச் 1984இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியாக மரங்கள் தெரிந்தன, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மருத்துவமனை கட்டுகிறவர்களை ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைத்தது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். டெல்டா கிராமத்தில் தாத்தாக்களுக்காவது மதகுக் கட்டை, அரசமரத்தடி, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. அப்பாயிகளுக்கு வீட்டுத் திண்ணையை விட்டால் பொது இடமே கிடையாது. திண்ணையும் இப்போது கட்டும் வீடுகளில் இல்லை. தேற்றுசோலை அமைக்கிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இந்தப் பெண்களை. சுத்தமான கழிப்பறை பக்கத்தில் இல்லாவிட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள். எவ்வளவு அழகான பூச்செடி வைத்தாலும் சரி.

பாதை சமதளமாக, இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கும் அகலத்தில், சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும்படி இருக்க வேண்டும். மறதி நோய் உள்ளவர் முட்டுச்சந்தில் நின்றால் பதறிப்போவார். தரையில் திடீரென்று கறுப்புக் கல் பதித்தால் அவர் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியலாம். சக்கர நாற்காலிக்கு ஏற்றம் இருபது அடிக்கு ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது. நம் களிமண்ணில் இதைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். மேலே கல் பதித்தால் இரண்டு மழைக்காலத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், அது கால் தடுக்கும் இடமாகிவிடும். களிமண்ணை ஆழமாக எடுத்துவிட்டு மணலும் கிராவலும் போட்டு இறுக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் விட்ட பிறகுதான் பாதை போட வேண்டும்.

பல பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்து வெறுங்காலில் நடக்கச் சொல்கிறார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அது ஆபத்து. குத்தினால் தெரியாது, புண் ஆறாது. முதியவர்களுக்கான இடத்தில் அதை நான் வைக்க மாட்டேன்.

பெஞ்சுக்குச் சாய்மானமும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். கையை ஊன்றித்தான் எழுந்திருக்க முடியும். கிரானைட் பலகையை மட்டும் போட்டுவிட்டுப் போவது உட்காரச் சொல்லிவிட்டு எழுந்திருக்க விடாமல் செய்வது. நாற்பது ஐம்பது அடிக்கு ஒன்று இருந்தால், ‘அந்த பெஞ்சு வரைக்கும் நடந்துடுவேன்’ என்ற தைரியம் வரும்.

செடிகளில் முதலில் தள்ள வேண்டியது அரளி. வறட்சி தாங்கும், எப்போதும் பூக்கும் என்று எங்கும் வைத்துவிடுகிறார்கள்; இலை, பூ, விதை எல்லாமே விஷம். மறதி உள்ளவர்கள் கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வது உண்டு. மணமுள்ளவற்றை நிறைய வைக்கலாம்: பவழமல்லி, மகிழம், மனோரஞ்சிதம், மருக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை. மூளையில் நினைவும் உணர்ச்சியும் இயங்கும் பகுதிகளோடு மணத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. பெயர்கள் மறந்தவருக்கும் விடியற்காலையில் பவழமல்லி பொறுக்கிய வாசல் நினைவுக்கு வரலாம். நிழலுக்கு மகிழமும் புங்கனும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்குப் புன்னை. சீக்கிரம் வளர்கிறதே என்று குல்மொஹர் வைத்தால் புயலில் கிளை முறியும். 2018 நவம்பர் 16இல் கஜா கரையேறிய பிறகு டெல்டாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெஞ்சுக்கு மேலே தென்னை கூடவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இடுப்பளவு உயர்த்திக் கட்டிய பாத்தி. வாழ்நாள் முழுக்க நாற்றுப் பறித்து நட்ட பெண்களுக்குக் குனிய முடியாமல் போனதும், மண்ணில் கை வைக்கும் வேலையே நின்றுவிடுகிறது. நின்றபடியோ சக்கர நாற்காலியில் இருந்தபடியோ கீரை விதைக்கவும் களை பறிக்கவும் முடிந்தால், அங்கே அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. தழைத்த தண்டங்கீரையைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய், ‘நான் போட்டது’ என்று மருமகளிடம் கொடுக்கலாம்.

இவ்வளவு செய்தும் திறப்பு விழா முடிந்து ஓராண்டில் காய்ந்துபோகிற பூங்காக்கள் எத்தனையோ. சோழர் காலத்தில் கோயில் நந்தவனத்துக்கு நிலம் விட்டார்கள்; நந்தவனப்புறம் என்று கல்வெட்டில் வருவது அந்த நிலம்தான். அதன் விளைச்சலில் தோட்டம் பார்க்கிறவர்கள் பிழைத்தார்கள். கட்டும்போதே பராமரிப்புக்கு வழி எழுதிவைத்த அந்த முறையை நகராட்சிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடை வாடகையை இதற்கென்று ஒதுக்கினாலும் போதும்.

உறவுச்சொற்களையும் சொல்லிவிடுகிறேன். சென்சரி கார்டன் என்பது பார்க்க, தொட, முகர, கேட்க, சுவைக்க என்று அமைப்பது. அதற்கு ஐம்புலத் தோட்டம் சரி. ஹார்ட்டிகல்சுரல் தெரபி என்பது இடத்தின் பெயர் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர், ஒவ்வொருவரின் நிலைக்கும் ஏற்ற தோட்டவேலை கொடுத்து முன்னேற்றத்தைக் குறித்துவரும் முறை அது. அமெரிக்காவில் அதற்கென்று 1973இலேயே சங்கம் தொடங்கினார்கள். தோட்டப்பணித் தேற்றுமுறை எனலாம். கட்டுரையிலும் கலைச்சொல் அகராதியிலும் தேற்றுசோலை என்று எழுதலாம். ஊராட்சிப் பலகையில் இன்னும் எளிதாகத் தேற்றும் பூங்கா போதும்: ‘கீழவீதி தேற்றும் பூங்கா. காலை 5.30 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை. கழிப்பறை இடப்பக்கம்.’