குமிழ் வெளியே, ஆக்சிஜன் உள்ளே

வீட்டில் பீர் தயாரிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நொதிக்க வைக்கும் வாளிக்குள் பாலிதீன் பை ஒன்றை விரித்து, அதில் மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசலை ஊற்றினேன். வாளி கழுவும் வேலை மிச்சம். ஆனால் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) ஒரு குமிழ்கூட வரவில்லை. பை வாயுவைக் குடித்துவிடுகிறதா?”

குமிழ் வராததற்குக் காரணம் எளிது. பையின் வாயை விளிம்புக்கு வெளியே மடித்து மூடியை அழுத்தினால், அங்கே சுருக்கங்கள் விழும். மூடியின் ரப்பர் வளையத்தால் அவற்றை அடைக்க முடியாது. ஒரு கிலோ குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 490 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அறை வெப்பநிலையில் அது 250 லிட்டருக்கும் மேல். சுருக்கத்தின் வழியே சுலபமாகப் போக முடிகிறபோது, ஏர்லாக்கின் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக அதற்கு என்ன அவசியம்? சர்க்கரை குறைகிறதா என்பதை, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். குமிழை எண்ணி நொதித்தலைக் கணிப்பது ஜோசியத்துக்கு ஒரு படிதான் மேல்.

பை விரிப்பதில் நியாயம் உண்டு. பழைய வாளியின் கீறல்களில் பாக்டீரியாக்கள் படலமாக ஒட்டிக்கொண்டால், கிருமிநாசினி அவற்றை எட்டுவது கடினம். ஒவ்வொரு முறையும் புதுப் பை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் “குடித்துவிடுகிறதா” என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. பாலிதீன் உண்மையிலேயே வாயுக்களைக் குடிக்கிறது. தண்ணீர் ஒழுகாத பை காற்றும் புகாதது என்று நாம் நினைக்கிறோம். பாலிதீனில் பாதியளவு இடத்தில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் படிகமாக ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன; மீதி இடத்தில் தாறுமாறாகக் கிடக்கின்றன. அறை வெப்பநிலையில் அந்தத் தாறுமாறான பகுதி ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் முதலில் பையின் வெளிப்பரப்பில் கரைகிறது. பிறகு, நெரிசலில் ஆட்கள் அசையும்போது கிடைக்கும் இடுக்கில் ஒருவர் நுழைந்து முன்னேறுவதுபோல, நெளியும் சங்கிலிகளுக்கிடையே நொடிப்பொழுது திறக்கும் வெற்றிடங்களில் தாவித் தாவி மறுபக்கம் வந்துவிடுகிறது. பையில் ஓட்டை எதுவும் தேவையில்லை. ரப்பர் படலத்தில் வாயு இப்படித்தான் கரைந்து கடக்கிறது என்று தாமஸ் கிரஹாம் 1866-லேயே விளக்கிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. உள்ளிருந்து வாயு பொங்கி வெளியேறும்போது வெளிக்காற்று எப்படி எதிர்த்து உள்ளே வரும்? சுருக்கத்தின் வழியே வீசும் ஓட்டத்தை எதிர்த்து வருவது அதற்குக் கடினம்தான். பையின் சுவருக்குள்ளோ ஓட்டம் என்று ஒன்று கிடையாது; தனித்தனி மூலக்கூறுகளின் தாவல் மட்டுமே. அங்கே ஒவ்வொரு வாயுவும் தன் பகுதி அழுத்தத்தை, அதாவது கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தத்தை, மட்டுமே பொருட்படுத்தும். வெளியே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 0.21 வளிமண்டலம், உள்ளே பூஜ்யத்துக்கு அருகில். ஆகவே அது உள்ளே வருகிறது. அதே சுவரில் அதே நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது, அதுவும் பல மடங்கு வேகத்தில். எடை கூடிய மூலக்கூறுதான். ஆனால் பாலிதீனில் அதிகமாகக் கரைகிறது.

தடிமன் இரட்டித்தால் ஊடுருவல் பாதியாகும். 50 மைக்ரான் பையையும் 2 மில்லிமீட்டர் வாளிச் சுவரையும் ஒப்பிட்டால் தடிமனில் மட்டுமே 40 மடங்கு வித்தியாசம். வாளி செய்யப்படும் அடர்பாலிதீனில் படிகப் பகுதி அதிகம் என்பதால் உண்மை வித்தியாசம் இன்னும் பெரிது. பைக்கு வெளியே வாளி இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். விளிம்பு மடிப்புகளின் வழியே காற்று இரண்டுக்கும் நடுவில் இறங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆக்சிஜனைத் தடுக்கத் தெரியாத இந்தப் பொருள் பிறந்ததே ஆக்சிஜனால்தான். 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீனை உயர் அழுத்தத்தில் பென்சால்டிஹைடுடன் வினைபுரிய வைக்க முயன்றார்கள். எதிர்பார்த்த வினை நடக்கவில்லை, மெழுகு போன்ற வெள்ளைப் பொருள்தான் மிஞ்சியது. அதுதான் பாலிதீன். கலந்திருந்த சிறிதளவு ஆக்சிஜனே எத்திலீன் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைவதைத் தொடங்கிவைத்தது என்பது பிற்பாடு புரிந்தது. “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் இன்றைய நிதிக்குழுக்கள் அந்தச் சோதனைக்குப் பணம் தந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

சரி, பை போடலாமா? முதல் சில நாட்களுக்குத் தாராளமாக. சுறுசுறுப்பாக இருக்கும் ஈஸ்ட், நுழையும் ஆக்சிஜனை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும். ஈஸ்ட் அடங்கி அடியில் படிந்த பிறகுதான் சிக்கல்: பீரில் பழைய அட்டைப்பெட்டி வாசனை ஏறலாம், அசிட்டிக் அமில பாக்டீரியா இருந்தால் புளித்தும் போகலாம். ஆகவே நொதித்தல் முடிந்ததும் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வைக்கும் ஒயினுக்குக் கண்ணாடிக் குடுவையே சரி. உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட பையை மட்டும் வாங்குங்கள். குப்பைப் பைகளில் சாயமும் வாசனைப் பொருளும் இருக்கக்கூடும். தண்ணீர் கரைக்காததையும் எத்தனால் கரைத்துவிடும். கொதிக்கும் கரைசலை ஊற்ற வேண்டாம், பை இளகிவிடும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனைக்காகவே பீர் செய்பவர்கள் பையைத் தவிர்ப்பது நல்லது. ஹாப்ஸின் மிர்சீன் போன்ற எண்ணெய்கள் தண்ணீரைவிடப் பாலிதீனில் மேலாகக் கரைபவை. அவற்றில் ஒரு பங்கு பையோடு குப்பைக்குப் போய்விடும்.