ஓட்டு நம்முடையது, வரிசை யாருடையது?

‘ஃபோனை ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டு வைக்கலாமா?’ என்று ஒருவர் இணைய மன்றம் ஒன்றில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பதில்கள் வருகின்றன. முதலாவது, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி ஃபோன் உசத்தி என்று சண்டைக்கு நிற்கிறது. அதற்கு 200 பேர் ‘பிடித்திருக்கிறது’ என்று மேல் அம்பையும் 150 பேர் ‘பிடிக்கவில்லை’ என்று கீழ் அம்பையும் அழுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது, லித்தியம் பேட்டரி சூட்டோடு முழு சார்ஜிலேயே கிடந்தால் ஏன் சீக்கிரம் பலவீனமாகிறது என்று பொறுமையாக விளக்குகிறது. 45 மேல், 1 கீழ். மூன்றாவது பதில் இப்போதுதான் வந்தது. 2 மேல், கீழ் ஒன்றுமில்லை.

எதை முதலில் காட்டுவது? ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். இனிமேல் கணக்குதான் பேச வேண்டும்.

எல்லோருக்கும் உடனே தோன்றுவது கழித்தல். மேல் ஓட்டிலிருந்து கீழ் ஓட்டைக் கழித்தால் முறையே 50, 44, 2. சண்டைக்காரர் முதலிடம். அவர் பதில் 150 பேருக்குப் பிடிக்கவே இல்லை என்பது இந்தக் கணக்கில் காணாமல் போகிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் போதும், வெற்றிதான். சரி, சதவீதம் போடலாம் என்றால் 57, 98, 100 என்று வருகிறது. இப்போது இரண்டே ஓட்டு வாங்கிய மூன்றாவது பதில் உச்சிக்குப் போகிறது. அந்த இரண்டில் ஒன்று எழுதியவரே போட்டதாகவும் இருக்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது அது. வாசகர்கள் அப்படி இல்லை. இரண்டு பேர் சொன்னதை வைத்து இரண்டாயிரம் பேரின் கருத்தை ஊகித்தால் பிழை பெரிதாக இருக்கும். ஐம்பது பேரை வைத்து ஊகித்தால் பிழை குறையும். அந்தப் பிழையின் அளவையும் கணக்கில் சேர்க்க ஒரு வழியை, இணையம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1927இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வின் வில்சன் எழுதி வைத்திருந்தார். இதுவரை விழுந்த ஓட்டுகளை ஒரு மாதிரியாக எடுத்துக்கொள். எல்லா வாசகரும் ஓட்டுப் போட்டிருந்தால் மேல் ஓட்டின் பங்கு எந்த எல்லைக்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு கணக்கிடு. அந்த எல்லையின் கீழ்முனையை, அதாவது ‘எவ்வளவு மோசமாகப் போனாலும் இவ்வளவாவது தேறும்’ என்கிற எண்ணை, மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

நம் மூன்று பதில்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் சண்டைக்காரருக்கு 0.52, பேட்டரி விளக்கத்துக்கு 0.89, புதிதாக வந்தவருக்கு 0.34. நூற்றுக்கு நூறு வாங்கியவர் கடைசிக்குப் போனதைக் கவனியுங்கள். அவர் மோசம் என்று கணக்கு சொல்லவில்லை. இன்னும் சாட்சி போதாது என்கிறது. அவருக்கு 10 ஓட்டு விழுந்து பத்தும் மேல் ஓட்டாக இருந்தால் அதே கணக்கில் 0.72க்கு ஏறிவிடுவார்.

2009இல் இவான் மில்லர் என்பவர் ஓட்டுகளை வரிசைப்படுத்த இந்தப் பழைய சூத்திரமே பொருத்தம் என்று எழுதினார். தலைப்புவாரியான குழுக்களில் வாசகர்களே பதிவு போட்டு, ஓட்டும் போடும் ரெடிட் தளம் அதே ஆண்டு அக்டோபரில் பின்னூட்டங்களுக்கு ‘பெஸ்ட்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது; அதை வாசகர்களுக்கு விளக்கி எழுதியவர் கார்ட்டூனிஸ்ட் ராண்டல் மன்ரோ. அதுவரை அங்கே கழித்தல் கணக்குதான். முதலில் வந்து உட்கார்ந்தவர் நாள் முழுக்க மேலேயே இருப்பார், மூன்று மணி நேரம் கழித்து வந்த நல்ல பதிலைச் சீண்ட ஆளிருக்காது.

ஓட்டுகளைத் தொடாமல் கேள்வியை மட்டும் மாற்றினால் வரிசை மாறிவிடும். ரெடிட்டிலேயே ‘சர்ச்சைக்குரியது’ என்று ஒரு வரிசை உண்டு. மொத்த ஓட்டு எவ்வளவு, இரண்டு பக்கமும் எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கிறது என்பதே அங்கே கேள்வி. அதில் சண்டைக்காரர் கிட்டத்தட்ட 81 வாங்குவார், பேட்டரி விளக்கம் ஒன்றுக்குச் சற்று மேலே நின்றுவிடும், மூன்றாவதற்குப் பூஜ்யம். இவற்றில் எது முகப்பில் வர வேண்டும் என்பது கணிதம் எடுக்கும் முடிவல்ல. தளத்தை நடத்துபவர் எடுக்கும் முடிவு.

பின்னூட்டங்களுக்கு இது சரி. பதிவுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு: காலம். நேற்றைய அருமையான பதிவு இன்றும் முதலிடத்தில் நின்றால் யாரும் திரும்பி வர மாட்டார்கள். ரெடிட் 2008இல் தன் நிரலைப் பொதுவில் வைத்ததால், ‘ஹாட்’ வரிசையின் சூத்திரத்தை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஓட்டு வித்தியாசத்தின் மடக்கையை (லாகரிதம்) எடுத்தார்கள்: 10 என்றால் 1, 100 என்றால் 2, 1,000 என்றால் 3. அதாவது முதல் பத்து ஓட்டு தூக்கிவிடும் உயரத்தை அடுத்ததாகத் தொட இன்னும் 90 ஓட்டு வேண்டும், அதற்கடுத்து 900. அப்புறம் 2005 டிசம்பர் 8ஆம் தேதியிலிருந்து பதிவு போட்ட நேரம் வரை ஓடிய விநாடிகளை 45,000ஆல் வகுத்து அதோடு கூட்டினார்கள். 45,000 விநாடி என்பது பன்னிரண்டரை மணி நேரம். ஆகவே காலை 6 மணிக்குப் போட்டு 1,000 ஓட்டு வாங்கிய பதிவும், மாலை 6.30க்குப் போட்டு 100 ஓட்டு வாங்கிய பதிவும் சமம். இதில் ஒரு அழகு இருக்கிறது. பழைய பதிவின் மதிப்பெண் நேரம் போகப் போகக் குறைவதே இல்லை. புதிதாக வருபவை இன்னும் உயரமான படியில் ஏறி நின்று பிறக்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு நிமிடமும் எல்லாப் பதிவுக்கும் மறுகணக்குப் போட வேண்டிய வேலை சர்வருக்கு மிச்சம்.

அந்த நிரலில் பல ஆண்டுகள் ஒரு விசித்திரமும் இருந்தது. வித்தியாசம் நேரா எதிரா என்பதைக் காட்டும் குறியை ஓட்டின் பங்கோடு பெருக்குவதற்குப் பதிலாகக் காலத்தின் பங்கோடு பெருக்கியிருந்தார்கள். ரெடிட்டில் பதிவு போடும்போதே போட்டவரின் ஓட்டாக 1 சேர்ந்துவிடும். உடனே யாரோ ஒருவர் கீழ் அம்பை அழுத்தினால் வித்தியாசம் 0, குறியும் 0, காலத்தின் பங்கும் 0. 2013 கடைசியில் சாதாரணப் பதிவு ஒன்றுக்குக் காலத்தின் பங்கு மட்டுமே சுமார் 5,600. அந்தப் பதிவுக்கோ மொத்தமே பூஜ்யம்! எட்டு ஆண்டுப் பழைய பதிவுகளுக்கும் கீழே போய் விழும். ஆயிரக்கணக்கானோர் புதுப் பதிவுகளைத் தனியாகப் பார்க்கும் பெரிய குழுவில் அடுத்த நிமிடமே யாராவது தூக்கிவிடுவார்கள். நாலைந்து பேர் எட்டிப் பார்க்கும் சின்னக் குழுவில், ஒரே ஒரு ஆள் நினைத்தால் ஒரு பதிவைப் புதைத்துவிட முடிந்தது. பிறகுதான் குறி ஓட்டின் பக்கம் மாற்றப்பட்டது.

தொழில்நுட்பச் செய்திகளுக்கான ஹேக்கர் நியூஸ் தளம் வேறு வழியில் போனது. அங்கே வெளியான சூத்திரத்தில், ஓட்டில் ஒன்றைக் கழித்து, பதிவின் வயதோடு இரண்டு மணி நேரத்தைக் கூட்டி, அதன் 1.8 அடுக்கால் வகுக்கிறார்கள். எட்டு மணி நேரம் முன்பு வந்து 101 ஓட்டு வாங்கிய பதிவுக்கு 1.6 கிடைக்கும், ஒரு மணி நேரம் முன்பு வந்து 21 ஓட்டு வாங்கியதற்கு 2.8. இங்கே முதுமை உண்மையாகவே இழுத்துக் கீழே போடுகிறது.

இதுவரை பார்த்த எல்லாக் கணக்கும் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் நம்பிக்கொண்டிருக்கிறது: ஒவ்வொருவரும் சொந்தமாக யோசித்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று. வில்சன் சூத்திரத்துக்கு அது அடிப்படை. உண்மையில், அம்புக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கிறது, நம் கண் அதன்மேல் விழுந்த பிறகுதான் விரல் அம்புக்குப் போகிறது.

இது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சோதித்து, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஒரு தளத்தில், ஐந்து மாதங்களில் வந்த 1,01,281 பின்னூட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த உடனே சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் ஒரு மேல் ஓட்டு, சிலவற்றுக்கு ஒரு கீழ் ஓட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். தரத்துக்கும் அந்த ஓட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பொய்யான மேல் ஓட்டு பெற்றவற்றுக்கு அடுத்து வந்த வாசகரும் மேல் ஓட்டே போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அவற்றின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒரே ஒரு ஓட்டு செய்த வேலை! பொய்யான கீழ் ஓட்டோ நிலைக்கவில்லை. ‘ஐயோ, இதை ஏன் கீழே தள்ளினார்கள்’ என்று வந்தவர்கள் தூக்கி நிறுத்திவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதே மனசுதான் தகுதியில்லாத மேல் ஓட்டைக் கண்டும் காணாமல் விடுகிறது. இலவசமாகக் கிடைத்த பாராட்டைப் பிடுங்க யாருக்கும் அவசரமில்லை. அரசியல், சமூகம், வியாபாரம் பற்றிய பேச்சில் இந்தக் கூட்ட மனப்பான்மை தெரிந்தது. எல்லாத் தலைப்பிலும் தெரியவில்லை.

அதனால்தான் ரெடிட் குழுக்களில் புதுப் பின்னூட்டத்தின் எண்ணைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிற வசதி இருக்கிறது. காட்டும் எண்ணையும் கொஞ்சம் கலைத்துக் காட்டுவார்கள். பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தால் 43, 45, 42 என்று ஆடும். இந்தக் கலைப்பு கூட்ட மனப்பான்மைக்கான மருந்தல்ல, கள்ள ஓட்டுக்கானது. நூறு போலிக் கணக்கு வைத்து ஓட்டுப் போடுபவருக்குத் தன் ஓட்டு ஏறியதா, தளம் அதைக் குப்பையில் போட்டதா என்று தெரியக்கூடாது.

சரி, கீழ் அம்பு எதற்கு? திருத்துவதற்கு என்பார்கள். 2014இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு, சிஎன்என் உள்ளிட்ட நான்கு செய்தித் தளங்களின் பின்னூட்டங்களை அலசியது. எதிர்ப்பு ஓட்டு வாங்கியவர்கள் திருந்தவில்லை. முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், அதுவும் மோசமாக. போதாக்குறைக்கு மற்றவர்களுக்கும் எதிர்ப்பு ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். நல்ல ஓட்டு வாங்கியவர்கள் அதனால் ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை. யாருமே கண்டுகொள்ளாதவர்கள்தான் தளத்தை விட்டே போனார்கள். திட்டித் திருத்த நினைக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு அது என்பது என் எண்ணம்.

கீழ் அம்பை விலைக்கு விற்ற தளமும் உண்டு. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு எதிராக ஓட்டுப் போட்டால் எழுதியவரின் நற்பெயர்ப் புள்ளியில் 2 குறையும், போட்டவருக்கும் 1 குறையும். அந்த உரிமை கிடைக்கவே முதலில் 125 புள்ளி சம்பாதித்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் முந்திய தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் எல்லோருக்கும் ஓட்டே தரவில்லை. அவ்வப்போது சில வாசகர்களைத் தேர்ந்தெடுத்து, பின்னூட்டங்களை ஏற்றவோ இறக்கவோ ஆளுக்கு ஐந்து புள்ளி கொடுக்கும். அதைச் செலவழிக்கும் விவாதத்தில் அவர் வாய் திறக்கக்கூடாது. எந்தப் பின்னூட்டமும் 5க்கு மேல் ஏறாது, -1க்குக் கீழே இறங்காது. நகைச்சுவைக்குக் கிடைத்த புள்ளி எழுதியவரின் நற்பெயர்க் கணக்கில் சேராது என்றும் பின்னர் விதி வைத்தார்கள். ஜோக் அடித்தே பெரிய ஆளாவதைத் தடுக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில் லைக் பொத்தானைக் கொண்டுவந்தபோது கீழ் அம்பே வைக்கவில்லை. 2016இல் சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகங்கள் வந்தன. நமக்கு அவை வெறும் முகங்கள்; வரிசை போடும் நிரலுக்கு அவை எண்கள். 2017 முதல் ஒவ்வொரு முகத்துக்கும் லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்தார்கள். ஒரு பதிவைப் பார்த்துக் கோபப்பட்டு அந்தச் சிவந்த முகத்தை அழுத்தியவர், தன்னை அறியாமலே அதை இன்னும் நிறையப் பேர் கண்ணில் படும்படி ஐந்து லைக் அளவுக்குத் தூக்கிவிட்டார். பொய்ச் செய்திகளுக்கும் வம்புக்கும் கோப முகம் அதிகம் விழுகிறது என்று கம்பெனியின் உள் ஆய்வாளர்களே சொல்ல, எடையைப் படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். பொய்ச் செய்தியும் மனதைக் கலங்கடிக்கும் பதிவுகளும் மக்கள் பார்வைக்கு வருவது குறைந்தது. அவர்கள் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவதோ கொஞ்சமும் குறையவில்லை என்று 2021இல் வெளியே வந்த உள் ஆவணங்கள் காட்டின.