பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். சேர்ந்து சில மாதம் ஆகி, கோடு கொஞ்சம் கைக்குப் பழகியதும், ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். "எல்லாம் வரையறேன் சார். ஆனா எனக்குன்னு ஒரு பாணி வரலையே?" இதற்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சின்ன வயதில் வரைந்தது ஏதாவது மிச்சம் இருந்தால் அடுத்த வாரம் எடுத்து வாருங்கள் என்பேன்.

முதலில் வருவது பெரும்பாலும் பரிசு வாங்கிய படம். பள்ளிப் போட்டி, தேசிய தினம், ஆயில் பேஸ்டலை விரலால் தேய்த்து வழவழப்பாக்கிய வானம். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அது அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அதில் பாதிக் கை ஆசிரியருடையது. நான் கேட்பது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். பின் அட்டையில் வாய்ப்பாட்டைச் சுற்றிக் கிறுக்கியது. சீன மொழிப் பாடத்துக்கு மற்ற பிள்ளைகள் போய்விட்ட நேரத்தில் பொழுது போகாமல் போட்டது. யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டவேண்டிய அவசியமில்லாமல் வரைந்ததில்தான் ஆள் இருப்பார்.

அப்படிக் கொண்டுவந்தாலும் அடுத்த சிக்கல் ஒன்று உண்டு. "என்ன வரைந்தோம்" என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் நோட்டைத் திறந்தால் அந்தப் படம் தவறாமல் இருக்கும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பன்னிரண்டாம் மாடியில் இருந்த பிள்ளை, முக்கோணக் கூரை போட்டு, மேலே புகைபோக்கியும் வைத்திருக்கும். சிங்கப்பூரில் எந்த வீட்டில் புகைபோக்கி? பக்கத்து மேசைப் பிள்ளையிடமிருந்தும் கதைப் புத்தகத்திலிருந்தும் கைமாறி வந்த படங்கள் இவை. இதை வைத்து "எனக்கு இயற்கைக் காட்சிதான் பிடிக்கும்போல" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ஆனால் அதே இரண்டு மலைப் படத்தைப் பத்துப் பேர் வரைந்ததை வரிசையாக வைத்தால் வேடிக்கை தெரியும். ஒருவர் தென்னங்கீற்றில் ஒவ்வோர் ஓலை இதழாகப் பொறுமையாகப் போட்டிருப்பார், மலையை அரை நொடியில் இழுத்துவிட்டிருப்பார். இன்னொருவர் ஆற்றைத் தாளின் விளிம்பு வரை ஒரே வீச்சில் விட்டிருப்பார். வேறொருவர் எல்லாவற்றையும் கீழே ஒரு மூலையில் குவித்துவிட்டு முக்கால் தாளை வெறுமையாக விட்டிருப்பார். படம் கடன் வாங்கியது, கை மட்டும் சொந்தம்.

வயதுக்கு உரியது எது, ஆளுக்கு உரியது எது என்று பிரிக்கத் தெரிவதும் முக்கியம். தலையிலிருந்து நேரே கால் முளைக்கும் மனிதனை மூன்று, நான்கு வயதில் உலகமெங்கும் பிள்ளைகள் வரைகிறார்கள். ஏழு, எட்டு வயதில் வானம் மேலே ஒரு நீலப் பட்டையாகவும் தரை கீழே ஒரு பச்சைப் பட்டையாகவும் இருக்கும், நடுவில் வெறும் வெள்ளை. பேருந்தின் பக்கவாட்டுத் தகடு கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பவர்களின் கால்கூடத் தெரியும். பிள்ளை கண்ணால் காண்பதை விட்டு, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று பிள்ளைகளின் படங்களை ஆராய்ந்த பிரான்ஸின் லூக்கே 1927இலேயே எழுதினார். இந்தப் படிகளை வயது வாரியாக அடுக்கித் தந்தவர் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல். அவர் கணக்குப்படி ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு "நிஜம் மாதிரி இல்லையே" என்ற எண்ணம் வருகிறது. அப்போதுதான் ரப்பரைத் தேடுகிறது, தாளைக் கையால் மறைக்கிறது.

நம் ஊரில் அந்த வயதும் தொடக்கநிலை இறுதித் தேர்வும் ஒன்றாக வந்து சேர்கின்றன. "எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டால் "பிஎஸ்எல்இ வருஷத்தில்" என்ற பதில் அடிக்கடி வரும். தேர்வுமேல் பழி போடுகிறோம், அது பாதி உண்மைதான். வரைவது கூச்சமாக மாறிய வயதும் அதுவே. அதனால் நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது தொடக்கநிலை மூன்று, நான்கு காலத்து நோட்டுகளை. அப்போது கைக்குக் கட்டுப்பாடு வந்திருக்கும், வெட்கம் முழுதாக வந்திருக்காது.

எப்படிப் பார்ப்பது? கிடைத்ததையெல்லாம் தரையில் பரப்புங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள். தலைகீழானதும் அது வீடா மலையா என்பது பின்னால் போய்விடும், கோடும் இடமும் முன்னால் வரும். கோடு ஒற்றையா, மயிர் மயிராகப் பல தடவை இழுத்ததா? தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், பென்சிலை எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள் என்று தெரியும். எங்கே நெருக்கம், எங்கே காலி? மேலிருந்து பார்த்தீர்களா, பக்கத்திலிருந்தா? எல்லாவற்றையும்விட நான் நம்புவது பொறுமையை. ஒரு பிள்ளை, பிடிக்காத இடத்தில் அரை நிமிடம்கூட நிற்காது. பொறுமை எங்கே நீண்டிருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். பத்துப் படத்திலும் புள்ளி ஒரே மாதிரி இடத்தில் விழுந்தால் தேடியது கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் அக்கா வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார், கல்யாணமாகி இங்கே வந்து செங்காங்கில் இருப்பவர். கோப்பை, முகம், பூ எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கீறலாகப் போட்டு நிழல் தீற்றுவார். சரியாகத்தான் இருக்கும், உயிர் இருக்காது. பழைய படம் கேட்டபோது, "எங்க வீட்ல யாரும் படம் வரைய விட்டதில்ல சார், எனக்குக் கோலம்தான் தெரியும்" என்றார்.

"அப்போ கோல நோட்டைக் கொண்டு வாங்கக்கா."

கொண்டுவந்தார். பள்ளிக்கூட நாளில் போட்ட நோட்டு. ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கு வரை என்று ஓரத்தில் குறிப்பு, பக்கம் பக்கமாகச் சிக்குக் கோலம். புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற இழை. நடுவே சில பக்கங்களில், கோலத்தில் இடம் மிஞ்சிய மூலையில், கிளியும் அணிலும் இருந்தன. எல்லாம் ஒரே இழுப்பு, எங்கும் பென்சிலை எடுத்த அடையாளமில்லை. அலகில் தொடங்கி வால் வழியாகச் சுற்றி மறுபடி அலகுக்கே வந்திருந்தார்.

நிழல் தீற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தோம். பேனாவை எடுக்காமல், ஒரே கோட்டில், எதிரே இருப்பவரை வரையச் சொன்னேன். பிறகு தேக்கா ஈரச்சந்தைக்குப் போய் மீன் வெட்டுபவரையும் கூடையோடு நிற்பவர்களையும் அப்படியே வரைந்துவந்தார். ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் பைக்குக் கோடு போய்க்கொண்டேயிருந்தது. சந்தையின் நெரிசல் அதில் தானாக வந்துவிட்டது. இதை நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஐந்து மணிக்கு எழுந்து வாசலில் குனிந்து நின்ற வருடங்கள் கொடுத்தது.

இன்னொருவர் கப்பல் சரக்குத் துறையில் வேலை பார்ப்பவர். அவருடைய பழைய நோட்டில் கார் நிறுத்துமிடம், விளையாட்டுத் திடல், அம்மா கடைக்குப் போவது என எல்லாமே மேலிருந்து பார்த்த மாதிரி இருந்தன. உயரத்து மாடித் தாழ்வாரத்தில் நின்று வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பார்க்கும்? இப்போது அவர் வரைந்ததெல்லாம் தெருவில் நின்று நேராகப் பார்க்கிற கடைவீடுகள், சமூக ஊடகத்தில் எல்லாரும் வரைகிற அதே கோணம். மறுபடி தாழ்வாரத்துக்கே போகச் சொன்னேன், அவ்வளவுதான்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. ஓவியர் பால் க்ளே 1902இல், 22 வயதில், தன் சிறுவயதுப் படங்களைக் கண்டெடுத்தார். அதுவரை தான் செய்தவற்றில் அவையே முக்கியமானவை என்று வருங்கால மனைவிக்கு எழுதினார். 1911இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது அந்தப் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றை முதலில் வைத்தார், பயிற்சிக் காலத்தில் வரைந்தவற்றைச் சேர்க்கவில்லை. கேட்டதும் சிலர், "அப்போ குழந்தை மாதிரி வரைஞ்சா போதுமா?" என்று கிளம்பிவிடுவார்கள். போதாது. க்ளே அந்தப் படங்களைக் கண்டெடுப்பதற்கு முன்பே மியூனிக்கில் ஃபிரான்ஸ் ஃபோன் ஸ்டுக்கிடம் முறையாகப் படித்தவர். பழைய படம் திசையைக் காட்டும், நடப்பதற்கு உடற்கூறும் வண்ணமும் தூரத்தைத் தாளில் காட்டும் முறையும் (பெர்ஸ்பெக்டிவ்) படித்தே ஆகவேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பவர்களிடம் சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி (டாலர்) நோட்டை எடுத்துப் பின்பக்கம் பார்க்கச் சொல்வேன். அதிலுள்ள இரண்டு ஓவியங்களில் ஒன்று சியோங் சூ பியெங் வரைந்த 'கருவாடு காயவைத்தல்'. நீண்ட கை, நீண்ட கழுத்துப் பெண்கள், பார்த்ததும் அவர் கை என்று தெரிந்துவிடும். அவர் சியாமென், ஷாங்ஹாயில் படித்து 1946இல் சிங்கப்பூர் வந்தவர், 1952இல் பாலித் தீவுக்குப் போனவர். அந்த ஓவியம் 1978ஆம் ஆண்டுடையது, அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. இன்னொரு படத்தின் சென் வென் ஷி, கிப்பன் குரங்குகளை வீட்டிலேயே வளர்த்துப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். ஆறு மாத வகுப்பில் பாணி வரவில்லை என்று அழுபவர்களுக்கு இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கறுப்பு நிறம் அதிகம் போட்டால் மனக்கவலை, அப்பாவைச் சின்னதாக வரைந்தால் பாசமில்லை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஜோசியத்தை நம்பாதீர்கள். டப்பாவில் மிஞ்சியது கறுப்பு கிரேயான் மட்டுமாக இருந்திருக்கலாம். ஒற்றைப் படத்தை வைத்துப் பிள்ளையின் மனத்தைத் தீர்மானிக்க, பயிற்சி பெற்றவர்களே தயங்குவார்கள். பிள்ளையின் நடத்தையில், தூக்கத்தில், பேச்சில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள், படத்தைக் குடைய வேண்டாம். "இது என்ன?" என்று கேட்காமல் "இதைப் பத்திச் சொல்லு" என்றால் பிள்ளையே கதை சொல்லும்.

நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்காக, அதாவது திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறுவதற்காக, தயாரிக்கும் படக் கோப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். ஒரே மாதிரி கண், ஒரே மாதிரி பின்னணி. தயாரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் கிறுக்கும் நோட்டை மட்டும் அந்தக் கோப்புக்குப் பலியாக்கிவிடாதீர்கள்.

பழையது எதுவுமே இல்லை என்பவர்கள்தான் அதிகம். வீடு மாறும்போது காராங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) பழைய பேப்பரோடு போயிருக்கும். பரவாயில்லை. தொலைபேசியில் பேசும்போது கை என்ன கிறுக்குகிறது என்று பாருங்கள், அலுவலகக் கூட்டத்துக் குறிப்பேட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஒரு மாதம் எதையும் எறியாமல் ஒரு உறையில் சேர்த்துவைத்து, மேலே சொன்ன அதே கேள்விகளை அதனிடம் கேட்கலாம். அக்கா தம்பியைக் கேட்டால் "நீ எப்பப் பார்த்தாலும் சங்கிலி சங்கிலியா வரைஞ்சுகிட்டே இருப்பியே" என்று நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

இருப்பவர்கள் முதலில் அவற்றைக் காப்பாற்றுங்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள குண்டு தாங்கும் அறைக்குள்) அட்டைப் பெட்டியில் வைத்தால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் முதலில் படித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு எடுக்க முடியாது. செல்லோடேப் மஞ்சளாகிக் கறை விடும். ஆயில் பேஸ்டல் எத்தனை வருடமானாலும் முழுதாகக் காயாது, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஃபெல்ட் பேனாவால் போட்டதைச் சுவரில் மாட்டினால் வெளிச்சத்தில் நிறம் போய்விடும், ஜன்னல் பக்கம் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து அந்தப் பிரதியை மாட்டலாம். தேதியும் வயதும் எழுதும்போது பின்பக்கம், மூலையில், மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா நாளடைவில் முன்பக்கம் தெரியும்.