சொல் விளக்கம்: சிங்க்ரோட்ரான்

அறிவியல் செய்திகளில் 'சிங்க்ரோட்ரான் ஒளி' அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அங்கே பேசப்படுவது மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர். ஆனால் சிங்க்ரோட்ரான் என்பது எலெக்ட்ரான் போன்ற துகள்களை வளையத்தில் சுற்றவிட்டு வேகமேற்றும் கருவி; சொல்லின் வேரில் ஒளியே கிடையாது. கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'க்ரோனோஸ்' என்றால் காலம். 'ட்ரான்' அதற்கு முந்தைய துகள் முடுக்கியான சைக்ளோட்ரான் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட வால். பெயர் வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் மெக்மில்லன், 1945-இல். சோவியத் நாட்டின் விளாதிமிர் வெக்ஸ்லர் இந்தக் கருவியின் அடிப்படைக் கருத்தை 1944-இலேயே தனியாகக் கண்டிருந்தார்.

எது எதோடு சேர்கிறது? சைக்ளோட்ரானில் காந்தப்புலம் மாறாது. வேகம் ஏற ஏறத் துகளின் வட்டம் விரிந்துகொண்டே போகும். ஒளியின் வேகத்தை நெருங்கினால், துகள் வரும் நேரமும் மின்னழுத்தம் அதைத் தள்ளும் நேரமும் பொருந்தாது. சிங்க்ரோட்ரானில் துகளின் ஆற்றலுக்கு ஈடாகக் காந்தப்புலத்தையும் கூட்டுவதால் அது ஒரே தடத்தில் ஓடுகிறது. அதனால் 'ஒத்தியங்கு முடுக்கி' என்பதே பொருத்தமான தமிழ். 'வட்ட முடுக்கி' என்றால் சைக்ளோட்ரானும் அதற்குள் வந்துவிடும்.

சரி, ஒளி எங்கிருந்து வந்தது? 1947 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் சிங்க்ரோட்ரானில் அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். எலெக்ட்ரான் ஓடும் குழாய் ஒளி புகக்கூடியதாக இருந்ததால் அது தெரிந்தது. எலெக்ட்ரான் வளையும்போதெல்லாம் ஆற்றலை ஒளியாக இழக்கும். துகளை முடுக்க நினைத்தவர்களுக்கு அது வெறும் நட்டம்.

அந்த நட்டத்துக்காகவே இன்று வளையங்கள் கட்டுகிறார்கள். பிரான்சின் கிரெனோபிளில் இருப்பது 844 மீட்டர் சுற்றளவு. நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது. இவற்றில் எலெக்ட்ரான்கள் ஒரே ஆற்றலில் மணிக்கணக்காகச் சுற்றுவதால், கறாராகச் சொன்னால் இவை 'சேமிப்பு வளையங்கள்'. பழைய பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிரகாசம் என்பது இங்கே வெறும் ஒளியின் அளவு இல்லை. சிறு புள்ளியிலிருந்து, விரியாமல், நெருக்கமாக வரும் கதிர். அப்படிப்பட்ட கதிர் இருந்தால் மிகச் சிறிய படிகத்திலும் அணுக்களின் இடத்தைக் கணிக்கலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த, செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோம் பற்றிய ஆய்வு இந்தக் கதிர்களை நம்பியே நடந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஆர்க்கிமிடீஸ் ஏடு. அவருடைய நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் தோலில் படியெடுத்திருந்தார்கள். பிற்காலத்தில் அதைச் சுரண்டி, மேலே பிரார்த்தனைகளை எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் சில பக்கங்களில் போலி ஓவியங்களும் ஏறின. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரானின் மெல்லிய எக்ஸ் கதிரைப் புள்ளி புள்ளியாகப் பக்கத்தின்மேல் ஓட்டினார்கள். பழைய மையில் இரும்பு உண்டு. கதிர் பட்டதும் இரும்பு தனக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழ, ஓவியத்துக்கு அடியில் இருந்த எழுத்துகள் கணினித் திரையில் தெரிந்தன.

அப்புறம் ஒரு வழக்குக் குறிப்பு: ஒளியைக் குறிக்க 'முடுக்கி ஒளி' என்று சுருக்கினால் குழப்பம் வரும். நேர்கோட்டு முடுக்கிகளை வைத்தும் இப்போது எக்ஸ் கதிர் லேசர் உண்டாக்குகிறார்கள். 'ஒத்தியங்கு முடுக்கி ஒளி' என்று முழுதாகவே எழுதலாம்; நீளமாகப் பட்டால் 'சிங்க்ரோட்ரான் ஒளி' போதும்.