சிடி தட்டு ஆடினா பாட்டும் ஆடுமா?

செங்கோட்டைல மாமா மைக்செட் கடை வச்சிருந்தப்ப புளியரை, ஆரியங்காவுப் பக்கம் கோயில் விசேஷத்துக்கெல்லாம் சிடி பிளேயரைத் தூக்கிட்டுப் போவோம், அங்க யாராவது ஒருத்தர் வந்து 'தட்டு லேசா ஆடுது தம்பி, அதான் சவுண்டு கரகரங்குது'ன்னு சொல்வாங்க. ரொம்ப நாள் நானும் அதை நம்பிட்டுதான் இருந்தேன்.

ரிப்பேருக்கு மூடியைக் கழட்டி ஓடவிடும்போது பார்த்திருக்கேன், முதல் பாட்டுல தட்டு தலைதெறிக்கச் சுத்தும், கடைசிப் பாட்டுல நிதானமாயிரும். சிடியை உள்ளருந்து வெளிய படிக்கிறாங்க, லேசருக்கு அடியில தடம் ஒரே வேகத்துல ஓடணும்னு நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்துல ஆரம்பிச்சு 200 வரைக்கும் மோட்டார் எறங்கிட்டே வரும். அதுல கொஞ்சம் முன்னபின்ன ஆகத்தான் செய்யும், ஆனா சிடில பாட்டு நம்பராத்தான் பதிஞ்சிருக்கு, படிச்ச அந்த நம்பர் நேரா ஸ்பீக்கருக்குப் போறதில்ல, பஃபர்னு ஒரு சின்ன மெமரில போய் விழுது. குழாய்ல தண்ணி விட்டு விட்டு வந்தாலும் மாடி டேங்க்ல தண்ணி இருக்கிற வரை கீழ சீரா விழும்ல, அதேதான். டேங்க் நெறஞ்சா மோட்டார் மெதுவாகும், கொறஞ்சா வேகம் கூடும்.

அந்தப் பைப்பைத் தொறந்து விடுறது, கடிகாரம் மாதிரி சீரா துடிக்கிற ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். செகண்டுக்கு 44,100 தடவை, லெஃப்டுக்கு ஒண்ணு ரைட்டுக்கு ஒண்ணுன்னு 16 பிட் நம்பரை டிஏசிக்கு, அதான் நம்பரை ஒலி அலையா மாத்துற சிப்புக்கு, தள்ளும், அதாவது 22.7 மைக்ரோசெகண்டுக்கு ஒருக்கா. இந்த இடைவெளி ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி நடுங்குச்சுன்னா அதுதான் ஜிட்டர். செண்டைக்காரர் அடி சரியா அடிச்சும் தாளம் நழுவுற மாதிரி, நம்பர் சரி, நேரம் தப்பு.

அலை சர்ருன்னு ஏறிட்டிருக்கும்போது ஒரு புள்ளி லேட்டா விழுந்தா உயரமே மாறிப்போகுது, அதனால ஜால்ரா மாதிரி கீச்சு சவுண்டுதான் முதல்ல அடிவாங்கும். முழு சத்தத்துல 20 கிலோஹெர்ட்ஸ் அலைன்னா, 16 பிட் நம்பரோட ஆகச் சின்னப் படில பாதி அளவு தப்பு வர 121 பிகோசெகண்டு (பிகோன்னா செகண்டுல லட்சம் கோடில ஒரு பங்கு) நழுவினாலே போதும்! 1 கிலோஹெர்ட்ஸ்னா அதுக்கு 20 மடங்கு வரை தாங்கும்.

ஜிட்டரைப் பத்திக் கவலைப்படணும்னா பிளேயர் தனி, டிஏசி தனின்னு ஒயர் போட்டு மாட்டுற எடத்துல கவலைப்படுங்க. அந்த ஒரே ஒயர்லதான் நம்பரும் வருது நேரமும் வருது, டிஏசி அதுலருந்து கடிகாரத்தைப் பிரிச்செடுக்கணும், ஒயர் மோசம்னா அங்கதான் நடுக்கம் ஏறும். நல்ல டிஏசி அதையும் பெருமளவு வடிகட்டிரும்.

அந்தக் கரகரப்புக்கும் ஜிட்டருக்கும் சம்பந்தமே இல்ல, லென்ஸ்ல தூசி படிஞ்சு, பிளேயர் தானா பிழை திருத்துற அளவைத் தாண்டி நம்பரே தொலைஞ்சு போயிருக்கு. மாமா பஞ்சால லென்சைப் பதமா தொடச்சாங்க, அதே தட்டு அதே மாதிரி ஆடிக்கிட்டே சுத்தமா பாடுச்சு.