ஸ்டெப்னி தாங்கும் இரும்புக் கை

காட்டுப் பாதையில் ஓட்டுவதற்காக வண்டியைத் தயார் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் மாற்றுவது டயரைத்தான். 29 அங்குல டயர் போய் 33 அங்குல டயர் வரும். நான்கு சக்கரத்துக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். ஐந்தாவதுதான் சிக்கல். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிற வண்டியாக இருந்தால், அந்தக் கதவும் கீல்களும் பழைய டயரின் எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. புதிய டயர் ரிம்மோடு சேர்த்து 40 கிலோ இருக்கலாம். கல்லிலும் குழியிலும் சில மாதம் ஓடிய பிறகு கதவைத் திறந்து பார்த்தால் அதன் முனை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். லேசாகத் தூக்கிக் கொடுத்தால்தான் பூட்டு விழும். கீலைச் சுற்றியுள்ள தகட்டில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருக்கும்.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்று வளையத்தைச் செய்தார்கள். ஆரக்கால் இல்லாத, காற்றடித்த டயர் மாட்டிய வளையம் அது. பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைப் பொருத்திக்கொண்டு ஓட்டலாம். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருவின் பெயர் பொருளுக்கு வந்து, நம் பேச்சில் இன்றும் நிற்கிறது.

சரி, டயரைக் கதவிலிருந்து கழற்றிவிட்டு வேறெங்கே வைப்பது? பின்பம்பரின் ஒரு மூலையில் செங்குத்தாக ஒரு தண்டு. அதைச் சுற்றித் திரும்பும் ஓர் இரும்புக் கை. கையின் நடுவில் டயர், மறுமுனையில் ஒரு கொண்டி. கொண்டியை விடுவித்தால் கை டயரோடு வெளியே திரும்பும், பிறகு கதவைத் திறக்கலாம். இதைத்தான் ஸ்விங் அவுட் கேரியர் என்கிறார்கள். வெல்டிங் தெரிந்தவர்கள் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். பார்க்க ஒரு சின்னக் கேட் போலத்தான் இருக்கும். ஆனால் கேட் நின்ற இடத்தில் நிற்பது, இதுவோ நாளெல்லாம் குலுங்கும். அந்த வித்தியாசத்தை மனதில் வைக்காமல் செய்த கைகள்தான் பெரும்பாலும் உடைகின்றன.

இந்தக் கை இரண்டு வேலை செய்கிறது. திறந்திருக்கும்போது ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள உத்திரம் போல அந்தரத்தில் நிற்கிறது. மூடியிருக்கும்போது இரண்டு முனையும் தாங்கப்பட்ட பாலம் போல நிற்க வேண்டும். வண்டி ஓடுவது மூடிய நிலையில்தான் என்பதால், எடை எங்கே போய் இறங்க வேண்டும் என்பதை அந்த நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோ டயர் என்றால் கீழ்நோக்கிய விசை சுமார் 400 நியூட்டன். கையின் மொத்த நீளம் 1.3 மீட்டர், டயரின் மையம் தண்டிலிருந்து 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திறந்த நிலையில் தண்டு தாங்கும் திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால் பெருக்கினால் வரும் திருப்பும் அளவு) 400 பெருக்கல் 0.7, அதாவது 280 நியூட்டன் மீட்டர். மூடிய நிலையில் மறுமுனையின் கீழே ஒரு தாங்கி இருந்தால், 40 கிலோவில் ஏறத்தாழ 21.5 கிலோ அந்த முனையிலும் 18.5 கிலோ தண்டிலும் இறங்கும். கையை வளைக்கும் திருப்புத்திறன் சுமார் 130ஆகக் குறையும், பாதிக்கும் கீழே. அதைவிட முக்கியம், தண்டை ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்த்த அந்த 280 அநேகமாகக் காணாமலே போய்விடும். பள்ளத்தில் விழும்போது விசை மூன்று மடங்காகிறது என்றால், தாங்கி இல்லாத கையின் தண்டில் 840 நியூட்டன் மீட்டர் வந்து இடிக்கும். தாங்கி இருந்தால் கையில் 390 வரும், அதோடு சரி.

இப்போது தண்டுக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். திறந்த கையின் 280 நியூட்டன் மீட்டரைத் தாங்குவது மேலும் கீழுமாக உள்ள இரண்டு பேரிங்குகள். மேலேயுள்ளது ஒரு பக்கம் இழுபடும், கீழேயுள்ளது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். இரண்டுக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால் ஒவ்வொன்றிலும் 2,800 நியூட்டன், கிட்டத்தட்ட 280 கிலோவின் எடை. இடைவெளியை 20 செ.மீ. ஆக்கினால் அது பாதியாகிவிடும். தண்டைப் பம்பரின் மேல்தகட்டில் மட்டும் பற்றவைக்காமல், ஊடுருவிக் கீழ்த்தகடு வரை இறக்கி இரண்டிலும் பற்றவைப்பதற்கும் இதே காரணம்தான்.

இடைவெளி கூடினால் இன்னொரு லாபமும் உண்டு. பேரிங்கில் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்போம். எழுதும் தாளின் தடிமன் அவ்வளவுதான், கையால் தொட்டால் தெரியாது. ஆனால் 10 செ.மீ. இடைவெளியில் உள்ள அந்த ஆட்டம், 1.3 மீட்டர் தள்ளியிருக்கும் முனையில் 13 மடங்காகி 1.3 மில்லிமீட்டர் இறக்கமாகத் தெரியும்.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வெறும் குழாய்க்குள் குழாய் செருகுவதை விட்டு, கூம்பு உருளை பேரிங் உள்ள டிரெய்லர் ஹப்பை (டிரெய்லர் சக்கரம் மாட்டிச் சுழலும் நடுப்பகுதியை) நிமிர்த்தி வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஹென்றி டிம்கன் என்ற குதிரை வண்டி தயாரிப்பாளர் 1898இல் காப்புரிமை பெற்ற பேரிங் வகை இது. உள்ளே உள்ள உருளைகள் ஒரு பக்கம் சிறுத்துக் கூம்பு வடிவில் இருக்கும். அவற்றின் பக்கங்களைக் கற்பனையில் நீட்டினால் எல்லாம் அச்சின் மேல் ஒரே புள்ளியில் போய்க் கூடும். அதனால் அவை வழுக்காமல் உருளும். பக்கவாட்டு விசை, மேலிருந்து அழுத்தும் விசை இரண்டையும் சேர்த்தே தாங்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. மேலேயுள்ள நட்டை இறுக்கினால் கூம்பு கூம்புக்குள் இன்னும் இறங்கி ஆட்டம் முழுக்கப் போய்விடும். தேய்ந்து ஆட்டம் வந்தால் மறுபடி கொஞ்சம் இறுக்கலாம். வெண்கலப் புஷ் (தண்டு உள்ளே சுழலும் வெறும் வளையம்) தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹப்பில் பேரிங்குகளின் இடைவெளி குறைவுதான் என்றாலும், ஆட்டமே இல்லாமல் இறுக்க முடிவதால் அந்தக் குறை தெரிவதில்லை.

அடுத்து, கை. 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் 5 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 280 நியூட்டன் மீட்டருக்கு அதில் உண்டாகும் தகைவு (இரும்பின் ஒரு குறிப்பிட்ட பரப்பில் விழும் விசை) சுமார் 23 மெகாபாஸ்கல். சாதாரண இரும்பு 250 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். மூன்று மடங்கு அதிர்வு வந்தாலும் 70ஐத் தாண்டாது. ஆக, வளைவு குழாய்க்கு ஒரு பொருட்டல்ல. கவனிக்க வேண்டியது முறுக்கம். டயர் கைக்கு நேர்மேலே இல்லை, 20 செ.மீ. பின்னால் தள்ளி நிற்கிறது. அது கையைப் பிழிவது போல 80 நியூட்டன் மீட்டரில் முறுக்குகிறது. இங்கே மூடிய குழாய்க்கும் திறந்த ஆங்கிள் இரும்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அட்டைக் குழாய் ஒன்றை இரு கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. பிளேடால் நீளவாக்கில் ஒரு கோடு கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள். குழைந்து போகும். வெட்டி எடுத்த பொருள் எதுவுமில்லை, ஒரு கீறல்தான். நம் 50 மில்லிமீட்டர் குழாயில் அப்படி ஒரு கீறல் விழுந்தால் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ 60இல் ஒரு பங்காகிவிடும். அதனால் கைக்கு ஆங்கிள் வேண்டாம், சேனலும் வேண்டாம். டயரைத் தாங்கும் செங்குத்துத் தூண் கையோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் முட்டுத்தகடு வைத்தே ஆக வேண்டும்.

இனி மறுமுனைத் தாங்கி. சாய்வான ஒரு சிறு தகடு, அவ்வளவுதான். ஆனால் முழு அமைப்பிலும் முக்கியமான துண்டு அதுதான் என்பேன். திறந்த நிலையில் குழாயின் வளைவால் முனை சுமார் 1.7 மில்லிமீட்டர் இறங்கும். அதோடு முன்பு சொன்ன பேரிங் ஆட்டம் இருந்தால் அதன் 1.3. ஆக 3 மில்லிமீட்டர். கை மூடி வரும்போது சாய்தளத்தில் ஏறி, அந்த 3 மில்லிமீட்டரும் திரும்ப மேலே வர வேண்டும். வந்தால்தான் எடை இரண்டு முனைக்கும் பிரியும். பலர் டயர் இல்லாமல் வெறுங்கையை மூடிப் பார்த்து, அந்த உயரத்தில் தாங்கியைப் பற்றவைத்துவிடுகிறார்கள். டயரை மாட்டியதும் கை இறங்கித் தாங்கியின் விளிம்பில் இடிக்கும். டயரை மாட்டிவிட்டு, ஜாக்கியால் முனையைச் சரியான உயரத்துக்குத் தூக்கிவைத்து, அப்புறம் தாங்கியைப் பொருத்துவதுதான் முறை.

மேலும் கீழும் பிடித்தாயிற்று. முன்னும் பின்னும் ஆடாமல் இழுத்துப் பிடிப்பது கொண்டியின் வேலை. இதற்கு நல்லது டாகிள் கிளாம்ப். அதன் தத்துவம் நம் முழங்காலிலேயே இருக்கிறது. கொஞ்சம் மடக்கி நின்றால் தொடை சீக்கிரம் நோகும். காலை நேராக்கிவிட்டால் தசைக்கு அவ்வளவு வேலையில்லை, எலும்பே எடையைத் தாங்கும். கிளாம்பிலும் இரண்டு இணைப்புகள் மடங்கி நேராகின்றன. நேர்க்கோட்டை நெருங்க நெருங்க நம் கை நிறைய நகரும், கொக்கி துளியே நகரும். அந்த அளவுக்கு விசை பெருகும். நேர்க்கோட்டைச் சற்றுத் தாண்டிவிட்டால், இழுவை கைப்பிடியைத் திறக்கும் பக்கம் தள்ளாமல் மூடும் பக்கமே தள்ளும். இருந்தாலும் குலுக்கலில் எதையும் நம்ப முடியாது, குறுக்கே ஒரு பூட்டு ஊசி அவசியம். கைக்கும் பம்பருக்கும் நடுவே அடர்த்தியான ரப்பர் கட்டை ஒன்று அழுந்தி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு குழியிலும் 40 கிலோ சுத்தியல் பம்பரைத் தட்டும். ஓட்டும்போது பின்னாலிருந்து கடகட சத்தம் கேட்டால் அதைச் சத்தமாக மட்டும் எண்ணாதீர்கள், அங்கே ஏதோ அடிபட்டுக்கொண்டிருக்கிறது.

சமதளத்தில் நல்லபடியாகத் திறந்த கை, சரிவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வண்டி 10 பாகை சாய்ந்து நின்றால், டயரின் மையம் கால் வட்டம் திரும்புவதற்குள் 12 செ.மீ. இறங்கிவிடும். 40 கிலோவை 12 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் கை வந்து மோதும், நடுவில் யாருடைய விரல் இருந்தாலும். திறந்த நிலையில் நிறுத்திப் பிடிக்க ஸ்பிரிங் ஊசியோ கேஸ் ஸ்ட்ரட்டோ (வாயு அடைத்த தள்ளுதண்டு) வேண்டும். இதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது.

பற்றவைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்டின் நேர். அது 1 பாகை சாய்ந்திருந்தாலே, கை 90 பாகை திரும்புவதற்குள் முனை 2 செ.மீ.க்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யும். உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கித் தண்டைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் ஆங்காங்கே புள்ளி வைத்துப் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, எதிரெதிர்ப் பக்கமாகச் சிறு சிறு துண்டாக முடிக்க வேண்டும். பேரிங்கையும் கிரீஸையும் முன்பே கழற்றி வையுங்கள். சூடு கிரீஸைக் கெடுக்கும், வெல்டிங் மின்சாரம் உருளைகள் வழியே பாய்ந்தால் அவற்றின் முகத்தில் குழி விழும். பம்பரை வண்டியிலிருந்து இறக்கித்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். பல வண்டிகளில் டீசல் அல்லது பெட்ரோல் டேங்க் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. துத்தநாகம் பூசிய குழாயாக இருந்தால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பம்பர் தகரத்தில் நிற்காமல் சேசிஸ் சட்டங்களோடு போல்ட் போட்டு நிற்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

டயர், கை, கனமான பம்பர் எல்லாம் சேர்ந்து 70 கிலோ கூடியது என்று வைத்துக்கொண்டால், அது பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குகிறது. சக்கர இடைவெளி 2.4 மீட்டர் உள்ள வண்டியில் முன் அச்சில் 29 கிலோ குறைந்து, பின் அச்சில் 99 கிலோ கூடும். பின் ஸ்பிரிங் தணிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

குழாய் 250 மெகாபாஸ்கல் தாங்கும், நம் கணக்கில் வருவது 70 என்றால் இந்தக் கைகள் ஏன் உடைகின்றன? 1842இல் பிரான்சில் வெர்சாய் பாதையில் ஓடிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் அச்சுகள் ஏன் இப்படி முறிகின்றன என்பதை 1850களிலும் 60களிலும் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பொறுமையாகச் சோதித்தார். ஒருமுறை தாங்கும் விசையை இரும்பு லட்சக்கணக்கான முறை தாங்காது என்று காட்டினார். இதுதான் உலோகச் சோர்வு. வெல்டு முடிகிற ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் தகைவு அங்கே குவிந்து, விரிசல் அங்கிருந்து தொடங்கும்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைக் கழுவிக் காயவிட்டு, டார்ச் அடித்து, தண்டு பம்பரோடு சேரும் இடத்தையும் தூண் கையோடு சேரும் இடத்தையும் பாருங்கள். பெயின்டின் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு, அதிலிருந்து துரு லேசாகக் கசிந்திருக்கும். அதன் மேலேயே இன்னொரு வெல்டு போட்டு மூடினால் விரிசல் அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். டயரை இறக்கிவிட்டு, விரிசல் முழுவதும் மறையும்வரை தேய்த்து எடுத்து, புதிதாகப் பற்றவைத்து, முட்டுத்தகடு சேருங்கள். அதுவரை ஸ்டெப்னி வண்டிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கட்டும்.