பிள்ளைகள் விளையாடிய செஸ் ஆட்டங்கள் எங்கே?

வலய மட்டம், மாகாண மட்டம் என்று போய்வரும் பிள்ளைகளின் கிண்ணங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் போட்டிகளில் பிள்ளை விளையாடிய ஆட்டங்கள் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. செஸ் பயிற்றுநராக என்னை அதிகம் வருத்துவது இதுதான். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று எனக்குக் காட்டித் தருவது, தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிய தாள்.

நீண்ட நேர ஆட்டங்களில் நகர்வுகளை எழுதுவது கட்டாயம். ஆனால் சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி அந்தத் தாள் போட்டி ஏற்பாட்டாளருக்குச் சொந்தம். பிள்ளையின் கைக்கு வருவது அநேகமாகக் கார்பன் பிரதி, அது மங்கிவிடும். ஆகவே அன்றிரவே இணையத்தில் ஏற்றிவிடுங்கள். லிசெஸ் என்ற செஸ் தளத்தில், ஆட்டங்களைச் சேர்த்து வைக்கும் ‘ஸ்டடி’ என்ற பகுதி இலவசம். ஒரு ஸ்டடிக்குள் 64 ஆட்டங்கள் வரை வைக்கலாம். வருடத்துக்கு ஒன்று திறந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும்.

அன்றிரவே என்று சொல்லக் காரணம் உண்டு. இரண்டு குதிரைகளும் ஒரே கட்டத்துக்குப் போகக்கூடிய நிலையில், எந்தக் குதிரை போனது என்பதைப் பிள்ளைகள் எழுத மறந்துவிடுவார்கள். நகர்வுக்கு 30 வினாடி கூட்டித் தராத போட்டிகளில், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் வந்தபின் எழுதாமலே விளையாடலாம் என்பதால் முடிவுப் பகுதி தாளில் இருக்காது. அன்றைக்குக் கேட்டால் பிள்ளை கட்டையை நகர்த்திக் காட்டும். அடுத்த கிழமை கேட்டால் ஊகம்தான்.

ஏற்றும்போது, நகர்வு நல்லதா கெட்டதா என்று கணினி காட்டும் மதிப்பீட்டை மூடிவையுங்கள். பிள்ளை தான் அந்த நேரம் என்ன நினைத்தது என்பதை முதலில் எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம்.

அடுத்தது பெயர். இதை எவரும் பொருட்படுத்துவதில்லை, கடைசியில் தேட முடியாமல் போவது இதனால்தான். செஸ் ஆட்டங்களைச் சேமிக்க 1993இல் வந்த பி.ஜி.என். என்ற கோப்பு முறையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏழு விபரங்கள் உண்டு: போட்டி, இடம், திகதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. எங்கள் பிள்ளைகளின் பெயரோ ஒரு போட்டியில் தகப்பன் பெயர் முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், வேறொன்றில் வெறும் முதலெழுத்தோடும் பதிவாகும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ‘எச்’ கூடினாலே தேடல் அதை வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும். ஃபிடேயில் பதிந்த எழுத்துக்கூட்டல் எதுவோ அதையே எப்போதும் போடுங்கள். பதிவு இல்லாவிட்டால் வீட்டில் ஒன்றைத் தீர்மானித்து அதை மாற்றாதீர்கள். திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள், 2025.08.03 என்றால் ஓகஸ்ட் 3.

ஸ்டடியை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டாம். அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். எதிராளியும் ஒரு பிள்ளைதான், அதன் பெயரும் அங்கே இருக்கிறது. பாடசாலை, தொலைபேசி இலக்கம், படம் எதுவும் தேவையில்லை. தவிர, உங்கள் பிள்ளை ஆட்டத்தை எந்த நகர்வுகளோடு தொடங்கும் என்பதை அடுத்த போட்டிக்கு வருபவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வரவும் இடம் கொடுக்கக்கூடாது.

ஒரு தளத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கடவுச்சொல் மறந்துபோகும், கணக்குத் திறந்த கைப்பேசி தொலைந்துபோகும். தவணை முடியும்போது முழு ஸ்டடியையும் பி.ஜி.என். ஆகத் தரவிறக்கி, கூகுள் டிரைவில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். அது வெறும் எழுத்துக்கோப்பு என்பதால் வருடக்கணக்கான ஆட்டங்களும் ஒரு படத்தின் அளவுக்குக்கூட வராது. பயிற்றுநர் மாறினால் அந்தக் கோப்பை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். முதல் வகுப்புக்கு முன்பே அவர் பார்த்து வைத்திருப்பார்.